கண் வைக்கும் இடம்



ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஒடுகத்தூர் என் ஊர். மலைமேல் சாமை விதைத்தவர்கள், கதிர் முற்றும் காலத்தில் கொல்லையில் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். கொல்லையின் நட்ட நடுவில் பரண் கட்டினால் நாற்புறமும் தெரியுமே என்று ஏட்டுப் படிப்பை மட்டும் அறிந்த நாம் நினைப்போம். அநுபவம் உள்ளவன் அவ்வாறு செய்வதில்லை. பன்றி எந்தப் புதரிலிருந்து இறங்கும், எந்த வழியாக ஓடும் என்று முதலில் பார்ப்பான். அந்த வழியை நோக்கியே பரணை அமைப்பான். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்ப்பதைவிட, வரும் வழியை நன்றாகப் பார்ப்பது மேல் என்பது அவனுடைய கணக்கு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பரண் அன்று, அதன் பேரப்பிள்ளை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கண்காணிப்புக் காமிராக்களை எங்கெங்கே பொருத்த வேண்டும், எங்கெங்கே பொருத்தக் கூடாது என்பதே அது. பேரூராட்சியாகிய ஒடுகத்தூரில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே படித்து முடிக்கும் பிள்ளைகள் வேலூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். போன இடத்தில் மாடிவீடுகளில்தான் குடியேறுகிறார்கள். திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தால் அந்தத் தெருவுக்கு வேறு காவல் வேண்டுவதில்லை. தெருவைக் காப்பது காவல்துறை மாத்திரமன்று, தெருவில் பதிந்திருக்கும் குடிமக்களின் கண்களே என்று ஜேன் ஜேகப்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் 1961-இல் எழுதினார். நம் பாட்டிமார் அந்த நூலைப் படிக்காமலே அதன்படி நடந்தவர்கள். மாடிக் குடியிருப்பில் திண்ணை இல்லை. இருபது கதவுகள் இருக்கும், இருபதும் சாத்தியிருக்கும். ஆகவே காமிரா வந்தது.

அது வந்த வரலாறும் சுவையானதே. கம்பியால் இணைத்த தொலைக்காட்சி கொண்டு ஓர் இடத்தைக் கண்காணிக்கும் முறை, 1942-இல் ஜெர்மனியின் பேனமுண்டேயில் ஏவுகணைகளை விலகி நின்று பார்ப்பதற்காக ஏற்பட்டது. வால்டர் புரூக் என்ற பொறியாளர் அதை அமைத்தார். போருக்குப் பிறந்த அந்தக் கருவியை வீட்டுக் கதவுக்குக் கொண்டுவந்தவர் ஒரு செவிலிப் பெண். மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்பது அவர் பெயர். நியூயார்க் நகரத்துக் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்தார். நேரங்கெட்ட நேரத்தில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தது. ஆபத்தென்று அழைத்தால் காவலர் வந்துசேரத் தாமதம் ஆயிற்று. அவரும் கணவர் ஆல்பர்ட்டும் ஓர் ஏற்பாட்டை வகுத்து, 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1969 டிசம்பரில் அது கிடைத்தது. கதவில் மேலும் கீழுமாக நான்கு துளைகள். நெட்டையர் வந்தாலும் குழந்தை வந்தாலும் முகம் தெரியும்படி அவற்றின் பின்னே காமிரா ஏறி இறங்கும். உள்ளறையில் திரை, பேசுவதற்கு ஒலிவாங்கி, தாழை இருந்த இடத்திலிருந்தே திறக்க ஒரு பொத்தான், அபாய மணிக்கு வேறொரு பொத்தான்.

அந்த அம்மையார் செய்த முதற்காரியத்தைக் கவனியுங்கள். ‘எத்தனை காமிரா வாங்கலாம்?’ என்று அவர் தொடங்கவில்லை. ‘என் கதவருகே நிற்பவர் யார்?’ என்ற ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் இடத்தில், முகத்தின் உயரத்தில், காமிராவை வைத்தார். இன்று நம் குடியிருப்போர் சங்கங்களில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு.

சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் ஒரு குடியிருப்பின் சங்கத்தார், நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் என்னை யோசனைக்கு அழைத்தார்கள். தரைத்தளத்தில் வண்டிகள், அதற்கு மேல் மூன்று மாடி, மாடிக்கு எட்டு வீடு. ஓர் இரவில் இருசக்கர வண்டி ஒன்று காணாமற் போயிற்று. வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் உயரத்தில் ஒரு காமிரா இருக்கத்தான் இருந்தது. பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் வருகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆள் என்று தெரிகிறது. யார் என்று தெரியவில்லை. கோபங்கொண்ட சங்கத்தார் விற்பனையாளர் ஒருவரை அழைத்தார்கள். அவர் முப்பத்திரண்டு காமிராக்களுக்கு மதிப்பீடு எழுதித் தந்தார். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வாயிலையும் நோக்கி ஒரு காமிரா அதில் அடக்கம்.

‘ஆள் தெரிகிறது, யார் என்று தெரியவில்லை’ என்பதில்தான் இந்தக் கலையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. காமிராவின் படம் கோலப் புள்ளிகளைப் போன்ற நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒரு மீட்டர் அகலமுள்ள பொருளின்மேல் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்பதைப் பொறுத்தே நாம் அறியக்கூடியது அமையும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2014-இல் வெளியிட்ட தரநூல் ஒன்றில் இதற்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். மீட்டருக்கு 25 புள்ளி விழுந்தால், அங்கே ஆள் உண்டு என்று அறியலாம். 62.5 விழுந்தால் உடையும் நடையும் ஓரளவு தெரியும். 125 விழுந்தால், முன்பே பழகியவரை இன்னார் என்று உணரலாம். முன்பின் அறியாத ஒருவரை ஐயத்திற்கு இடமின்றி அடையாளம் காட்ட வேண்டுமானால் 250 புள்ளிகள் வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காமிராவின் படத்தில் அகலவாக்கில் 1920 புள்ளிகள் உண்டு. இதை 250-ஆல் வகுத்தால் 7.68. அதாவது காட்சியின் அகலம் 7.68 மீட்டருக்கு மேற்படாத வரையில்தான் அந்நியர் ஒருவரின் முகம் ஐயமறத் தெரியும். 90 பாகை விரிந்து பார்க்கும் வில்லையாயின், காட்சியின் அகலம் தூரத்தைப் போல் இரு மடங்கு. ஆகவே 3.84 மீட்டர் தூரம் வரைதான் அந்தக் காமிரா முகத்தைக் காட்டும்! அதற்கு அப்பால், சுமார் 15 மீட்டர் வரையில் உடையைக் காட்டும், சுமார் 38 மீட்டர் வரையில் ஆள் உண்டு என்று காட்டும், அவ்வளவே. அந்த வேலூர்க் காமிராவுக்கும் வண்டிக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய இருபது மீட்டர். காமிரா தன் கடமையைச் செய்தது. தன்னால் விடை சொல்ல முடியாத கேள்வியை அதனிடம் கேட்டார்கள்.

வில்லையை மாற்றினால் கணக்கும் மாறும். 30 பாகை மட்டும் பார்க்கும் வில்லையை வைத்தால் முகம் சுமார் 14 மீட்டர் வரை தெரியும். ஆனால் இடமும் வலமும் உள்ளவை கண்ணுக்கு அகப்படா. எங்கள் ஜவ்வாது மலையிலேயே காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1986 முதல் இயங்கும் அதன் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அத்தனை பெரிய கண், வானத்தில் மிகச் சிறு துண்டு ஒன்றையே ஒரு வேளையில் பார்க்கிறது. அதனால்தான் அவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது. அகலமும் நுட்பமும் ஒரே கண்ணில் வேண்டுமென்றால் ஒளியியல் இணங்காது. (காவலூர் என்ற பெயரையும், நான் பேசும் பொருளையும் நினைத்து நீங்கள் புன்னகை செய்தால் எனக்கு வருத்தமில்லை.)

சென்னையில் ஏ. கே. விசுவநாதன் காவல் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்ற திட்டத்தின்கீழ் ஐம்பது மீட்டருக்கு ஒரு காமிரா என்ற நோக்கத்தோடு தெருக்களில் காமிராக்கள் பெருகின. ஒருவன் எந்தத் தெரு வழியாக எந்தப் பக்கம் போனான் என்று தொடர்ந்து செல்வதற்கு அந்த இடைவெளி பொருந்தும். ஒரு வீட்டு வாயிலில் நின்றவன் யார் என்று அறிவதற்கு அது பொருந்தாது. கேள்வி வேறு, ஆகவே இடமும் வேறு.

கணக்கில் ஈடுபாடு உடையவர்களுக்கு ஓர் அழகிய தேற்றம் இங்கே காத்திருக்கிறது. மூலைகள் பல கொண்ட ஓர் ஓவியக்கூடத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பார்க்க எத்தனை காவலர் போதும் என்று விக்டர் கிளீ என்ற கணித அறிஞர் 1973-இல் கேட்டார். மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து, மிச்சத்தை விட்டுவிட்டால் கிடைக்கும் எண்ணிக்கை எப்போதும் போதும் என்று வாட்சலாவ் ஹ்வாடால் நிறுவினார்; அது 1975-இல் வெளிவந்தது. 1978-இல் ஸ்டீவ் ஃபிஸ்க் தந்த நிரூபணம், பள்ளி மாணவரும் பின்பற்றக்கூடியது. கூடத்தின் வரைபடத்தை, மூலைகளை இணைத்து முக்கோணங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் மூன்று வெவ்வேறு நிறம் பெறுமாறு மூலைகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் தீட்டுங்கள். எந்த நிறம் மிகக் குறைவாக வந்ததோ அந்த நிறமுள்ள மூலைகளில் காவலரை நிறுத்துங்கள். ஒவ்வொரு முக்கோணத்திலும் அந்த நிறம் உண்டு. ஆகவே ஒவ்வொரு முக்கோணமும் ஒரு காவலர் பார்வையில் இருக்கும். முடிந்தது! சுவர்கள் யாவும் செங்கோணத்தில் சந்திக்கும் கட்டடமானால், மூன்றுக்குப் பதில் நான்கால் வகுத்தாலே போதும் என்று 1983-இல் வேறு மூவர் நிறுவினர். ‘ட’ எழுத்தைப் போல் ஒரு முறை மடங்கும் நடைவழிக்கு ஆறு மூலை. உள்மடங்கும் மூலையில் நிற்கும் ஒரே காவலர் இரு கைகளையும் பார்த்துவிடுவார்.

ஆனால் தேற்றத்தின் காவலர் ஒரே நொடியில் சுற்றிலும் பார்க்கிறவர், எவ்வளவு தூரத்திலும் முகத்தை அறிகிறவர், இருட்டைப் பொருட்படுத்தாதவர். அப்படிப்பட்ட காவலர் கணிதத்தில் மட்டும் கிடைப்பார். எந்த மூலை மறைகிறது என்று காட்டித்தர தேற்றம் உதவும். எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லாது.

அதை நமக்குச் சொல்பவர்கள் காட்டு விலங்குகளை ஆராய்பவர்கள். உல்லாஸ் கரந்த் 1990-களில் நாகரகொளெக் காட்டில் புலிகளை எண்ணத் தானியங்கிக் காமிராக்களைப் பயன்படுத்தினார். காடு முழுவதையும் அவர் படம் பிடிக்கவில்லை. புலி நடக்கும் பாதைகளைத் தேர்ந்து, பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு காமிரா வைத்தார். புலியின் இரு விலாவின் வரிகளும் பதிந்தன. வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் பிரித்தறிந்தார். மாடிக் குடியிருப்பிலும் பாதைகள் குறுகும் இடங்கள் உண்டு: வெளிவாயில், படிக்கட்டின் அடி, மின்தூக்கியின் கதவு, மொட்டைமாடிக் கதவு. உள்ளே நுழைந்தவன் இவற்றுள் ஒன்றிரண்டைக் கடக்காமல் எந்த வீட்டையும் அடைய முடியாது. கடக்கும்போது மூன்று நான்கு மீட்டர் தூரத்தில், காமிராவை நோக்கியே நடந்து வருவான். மேலே போட்ட கணக்கில் வந்த 3.84 மீட்டர் நமக்குக் கைகொடுப்பது இங்கேதான்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டாத உயரத்தில் வைத்தால் உடைக்க மாட்டார்கள் என்று ஐந்து மீட்டர் உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். நான்கு மீட்டர் தள்ளி வருபவரின் முகம் தரையிலிருந்து 1.6 மீட்டரில் இருக்கும். ஐந்து மீட்டர் உயரக் காமிரா அவரை 40 பாகை சரிவில் பார்க்கும். தெரிவது தலைமுடியும் வழுக்கையும். மூன்று மீட்டரில் வைத்தால் சரிவு 19 பாகை; முகம் தெரியும்.

வெளிச்சம் இன்னொரு பகை. கிழக்கு நோக்கிய வாயிலை உள்ளிருந்து பார்க்கும் காமிராவுக்குக் காலையில் வருபவர் எல்லாரும் நிழலுருவங்களே. வெளிச்சமும் இருளும் மிக வேறுபடும் காட்சியைச் சமன்செய்யும் காமிராக்கள் கிடைக்கின்றன. என்றாலும் வெயிலை நேரே பார்க்காத பக்கச் சுவருக்கு அதை மாற்றுவது செலவில்லாத மருந்து. இரவில் காமிரா தானே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் பார்க்கிறது. அருகில் வெள்ளைச் சுவர் இருந்தால் அந்த ஒளி திரும்பி வந்து படத்தை வெளுக்கச் செய்யும். சிலந்தி ஓர் இழையைக் கண்ணாடிமேல் கட்டிவிட்டாலோ, இரவு முழுவதும் அந்த இழையின் திருவுருவமே பதிவாகியிருக்கும்!

வேலூர்ச் சங்கத்தின் கூட்டத்துக்கு மீண்டும் வருகிறேன்; உண்மையான வாதம் அங்கேதான் நிகழ்ந்தது. முப்பத்திரண்டு காமிரா என்பதை யாரும் மறுக்கவில்லை. செலவைப் பற்றி மட்டும் முணுமுணுத்தார்கள். இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மையார் எழுந்தார். ‘என் வாயிலுக்கு எதிரே கருவி வேண்டாம். நான் எத்தனை மணிக்குப் போகிறேன், எப்போது வருகிறேன், என்னைப் பார்க்க யார் வருகிறார்கள் என்பது கீழே உள்ள அறையில் திரைமேல் ஓடிக்கொண்டிருக்கும். திருடனைவிட அதுதான் எனக்கு அச்சம் தருகிறது’ என்றார். மறைக்க ஏதும் இல்லாதவர் அஞ்சுவானேன் என்று ஒருவர் கேட்டார். அம்மையார், ‘அப்படியானால் உங்கள் வரவேற்பறையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சார்’ என்றார். கூட்டம் சற்று நேரம் பேசவில்லை.

அவர் சொன்னதில் உணர்ச்சி மட்டுமன்று, பாதுகாப்பு நியாயமும் உண்டு. ஒரு வீடு எந்நேரத்தில் ஆளில்லாமல் இருக்கிறது என்பதை நாள்தோறும் பதிவு செய்யும் கருவி, அந்தப் பதிவு தகாதவர் கைக்குப் போனால், திருடனுக்கு எழுதிக்கொடுத்த கால அட்டவணை. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட காமிராக்களையும் அவை போன்ற கருவிகளையும் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் கைப்பற்றியது. நம் கண்ணே பிறர் கண்ணாகிவிடும் என்பது கற்பனையன்று.

சட்டமும் இதில் பேசியிருக்கிறது. அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில், புட்டசாமி வழக்கில், ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வீட்டின் வாழிடப் பகுதியில், உடன் வசிப்பவரின் இசைவின்றிக் காமிரா வைத்து இயக்கக்கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2025-இல் கூறியது. உச்சநீதிமன்றம் அதில் தலையிடவில்லை. பொது நடைவழி வேறு, தனி வீடு வேறு என்று வாதிக்கலாம். ஆனால் கதவு திறந்தவுடன் உள்ளே கட்டில் தெரியும்படி பொருத்தப்பட்ட காமிரா பொது நடைவழியை மட்டும் பார்க்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் நான் அந்தக் கூட்டத்தில் சொன்னேன். அது எல்லாருக்கும் உவப்பாக இல்லை. நடைவழிக் காமிராக்களை நாள்தோறும் யார் பார்க்கிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள்? திருடன் ஆண்டுக்கு ஒரு முறை வரலாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் காவற்காரரும் அன்றாடம் வருகிறார்கள். ஒரு மோதிரம் அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டால், முதலில் ஓட்டிப் பார்க்கப்படுவது அவர்களுடைய படமே. பதிவை யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம் என்று விதி இல்லாத இடத்தில் காமிரா ஏழைகளை மட்டும் சந்தேகிக்கும் கருவியாகிவிடுகிறது.

காமிராவால் குற்றம் குறைகிறதா என்ற கேள்வியும் எழுந்தது. நாற்பது ஆண்டுக் கால ஆய்வுகளைத் திரட்டி எரிக் பீசா, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன், அமாண்டா தாமஸ் ஆகிய நால்வர் 2019-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். காமிரா வைத்த இடங்களில், வைக்காத ஒப்பீட்டு இடங்களைவிடக் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. வண்டி நிறுத்துமிடங்களில் பயன் மிகுதி. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. ஆக, அந்தச் சங்கத்தார் இழந்த பொருளும், காமிரா நன்கு உதவும் இடமும் ஒன்றாகவே இருந்தன. தரைத்தளத்தை விட்டுவிட்டு மாடிகளில் செலவிட நினைத்ததுதான் வேடிக்கை.

இறுதியில் ஒன்பது காமிராக்கள் என்று முடிவாயிற்று. வெளிவாயிலில் இரண்டு: ஒன்று நடந்து வருபவர் முகத்துக்கு, மற்றொன்று தாழ்வாக, வண்டியின் எண்பலகைக்கு. வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று, ஒன்றின் முதுகை மற்றொன்று பார்க்குமாறு. படிக்கட்டின் அடியில் ஒன்று. தரைத்தள மின்தூக்கிக் கதவருகே ஒன்று. மொட்டைமாடிக் கதவில் ஒன்று. பின்பக்கச் சந்தில் ஒன்று. வீட்டு வாயில் எதையும் நோக்கி ஒன்றும் இல்லை. வேண்டியவர் தம் கதவுக்குத் தாமே ஒரு துளைக் காமிரா வைத்துக்கொள்ளலாம், எதிர்வீட்டுக் கதவு அதில் தெரியாதபடி. பதிவு முப்பது நாள் இருக்கும். பிறகு தானே அழியும். ஒரு காமிரா நொடிக்கு இரண்டு மெகாபிட் அனுப்பினால் நாளைக்கு 21.6 கிகாபைட், ஒன்பதுக்கு முப்பது நாளில் ஏறக்குறைய 5.8 டெராபைட். ஆறு டெராபைட் வட்டு ஒன்று போதும் என்று கணக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். பதிவைப் பார்ப்பதானால் சங்கத்தார் இருவர் சேர்ந்தே பார்ப்பது. பார்த்த நாளும் காரணமும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவது. காவற்காரர் அறையில் திரை இருக்கும். பழைய பதிவைத் திறக்கும் சாவி அங்கே இராது. மின்சாரம் நின்றாலும் ஓடுமாறு மின்கலம் ஒன்றும் சேர்த்தார்கள்.

பொருத்திய அன்று இரவு பத்து மணிக்கு மேல், சங்கச் செயலாளரை வெளியிலிருந்து வாயில் வழியாக நுழைந்து, வண்டிகளின் இடையே சுற்றி, படியேறி மொட்டைமாடி வரை நடக்கச் சொன்னோம். மற்றவர்கள் திரையின் முன் உட்கார்ந்தோம். வாயிலில் முகம் தெளிவாக விழுந்தது. வண்டிகளின் நடுவே ஒரு தூணின் பின்னால் ஆறு நொடி மறைந்தார். ஒரு காமிராவை இரண்டடி நகர்த்தினோம். படிக்கட்டின் அடியில் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒளியைத் திருப்பி அடித்ததால் முகத்துக்குப் பதில் ஒரு வெள்ளைத் தட்டுத் தெரிந்தது; காமிராவை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். செயலாளர் மூன்று முறை ஏறி இறங்கிக் களைத்துப் போனார். நான்காம் முறை அவர் முகமும், நெற்றியில் இருந்த திருநீறும், அவருடைய சலிப்பும் நன்றாகவே தெரிந்தன. பதிவுகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, மாதம் ஒரு முறை கண்ணாடிகளைத் துடைக்கும் பொறுப்பை இருவரிடம் ஒப்படைத்து, ஏணியை மடக்கினோம்.